நாற்காலியின் எட்டாவது படம்

அன்பு மகளுக்கு,

ஒரே நாற்காலியை ஏழு முறை வரைந்துவிட்டதாகவும், எட்டாவதற்குத் தாளை விரித்தால் கை ஓடவில்லை என்றும், பேசாமல் வேறு பொருளுக்கு மாறிவிடலாமா என்றும் எழுதியிருந்தாய். மாறாதே.

நீ அனுப்பிய ஏழு படங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். முதல் மூன்றில் இருப்பது, நாற்காலி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நீ முன்பே அறிந்துவைத்திருந்த நாற்காலி. அதை எந்த நாற்காலியையும் பார்க்காமலே வரைந்திருக்கலாம். நான்காவதில்தான் இடது கைப்பிடியின் நுனியில் பூச்சு தேய்ந்து மரம் வெளியே தெரிவது வந்திருக்கிறது. ஆறாவதில் பின்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே தரையில் விழும் வெளிச்சத் துண்டு, நாற்காலியைவிடத் திடமாக நிற்கிறது. கையிருப்பில் இருந்ததெல்லாம் மூன்று படங்களில் செலவாகிவிட்டதால்தான் நீ பார்க்கத் தொடங்கினாய் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஏழு படங்களிலும் தாளின் அளவு, வண்ணம், நீ உட்கார்ந்த இடம் எல்லாமே மாறுகின்றன; அதனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. 1890-இல் அறுவடை முடிந்த வயலில் நின்ற கதிர்ப் போர்களை வரையத் தொடங்கிய பிரெஞ்சு ஓவியர் குளோது மோனே, ஏறத்தாழ 25 ஓவியங்களை அந்த ஒரே பொருளில் தீட்டினார். வெளிச்சம் மாறியதும் கையிலிருந்த கான்வாஸை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பதும், அதே வெளிச்சம் திரும்பும்போது பழையதைத் தொடர்வதும் அவர் வழக்கம். மறு ஆண்டு அவர் வரைந்துகொண்டிருந்த பாப்லர் மரங்கள் ஏலத்துக்கு வந்தபோது, படங்கள் முடியும்வரை அவற்றை வெட்டாமல் விட்டுவைக்க மரவியாபாரியோடு சேர்ந்து பணம் போட்டார். உன் நாற்காலியை யாரும் ஏலம் விடப்போவதில்லை, அந்தக் கவலை உனக்கு இல்லை.

ஜெர்மனியில் பிறந்த அமெரிக்க ஓவியர் யோசெப் ஆல்பர்ஸ் இன்னும் கண்டிப்பானவர். 1950 முதல் 1976-இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாக ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். அமைப்பைச் சில வகைகளோடு நிறுத்திக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினார். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் நேர் எதிர். ஃபூஜி மலையின் 36 காட்சிகள் என்று தொடங்கி 46 அச்சுப் படங்களில் முடிந்த அவருடைய தொடரில் மலை ஒன்றே நிலையானது; இடமும் பருவமும் மனிதர்களும் படத்துக்குப் படம் மாற, பேரலைப் படத்தில் அந்த மலையே அலைக்கு அடியில் சிறு கூம்பாகிவிடுகிறது. ஒன்றை மட்டும் மாற்றுவதா, ஒன்றை மட்டும் நிலையாக வைப்பதா, இந்த இரண்டு வழிகளில் உன்னுடையது எது என்பதை எட்டாவதைத் தொடுமுன் முடிவு செய்துகொள். உன் கண் போகும் போக்கைப் பார்த்தால் மோனேயின் வழிதான் உனக்கு ஒத்துவரும் என்பேன். நாற்காலியை வீடெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய உனக்குப் பொறுமையும் கிடையாது.

உன் வயதில் நானும் ஒரு சன்னலைப் பன்னிரண்டு முறை வரைந்தேன். பிடிக்காத ஐந்தைக் கிழித்துப் போட்டேன். மிஞ்சிய ஏழும் தனித்தனியே பார்க்க நன்றாகத்தான் இருந்தன, ஆனால் மூடிய சன்னலிலிருந்து வெறும் வெளிச்சத்தை வரைவதற்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது அந்த ஐந்தோடு போய்விட்டது. ஆகவே கெட்டுப்போனதையும் வைத்துக்கொள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் எண்ணையும் நாளையும் நேரத்தையும் பென்சிலால் குறித்து வை.

ஆறாவதை வரைந்த அதே இடத்தில், அதே அளவுத் தாளோடு, வேறொரு நேரத்தில் உட்கார். எட்டாவது முடிந்ததும் அதைத் தனியாக அனுப்பாதே, ஆறாவதன் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா