மணலையும் சொல்லையும் ஒரே மேசையில் வையுங்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் முதல்வருக்கும், பீடாதிபதிகளுக்கும், விரிவுரையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

வணக்கம். இந்த மாவட்டத்தில் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் பின்னர் கோணேசபுரியில் உங்களிடமும் படித்தார்கள். குறை சொல்வதற்காக இம்மடலை எழுதவில்லை. ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைப்பதற்காகவே எழுதுகிறேன். பிரயோக விஞ்ஞானம் பயில்வோரும், மொழியும் தொடர்பாடலும் பயில்வோரும், சித்த மருத்துவம் பயில்வோரும் ஒன்றாக அமர்ந்து, இந்த மாவட்டத்துக்கே உரிய பொருள் ஒன்றை ஒரு செமஸ்டர் முழுவதும் ஆராயும் பொதுப்பாடம் ஒன்றை நீங்கள் தொடங்க வேண்டும்.

இந்த எண்ணம் நான் செய்த தவறு ஒன்றிலிருந்து பிறந்தது. பல ஆண்டுகளுக்கு முன், அடர்த்தி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் புல்மோட்டைக் கரையிலிருந்து ஒரு சிறு போத்தலில் கருமணல் கொண்டுவந்திருந்தான். அதைக் கையில் வாங்கியதும் அதன் கனம் தெரிந்தது. அதே அளவு வெண்மணல் அவ்வளவு பாரமாக இராது. அவன் கேட்டான்: “மிஸ், தேவாரத்தில் நித்திலம் கொழிக்கும் என்று வருகிறதே, அந்தக் கொழிப்பும் இந்த மணல் சேர்வதும் ஒன்றுதானா?” நான் சொன்ன பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. “அதைத் தமிழ்ப் பாடத்தில் கேள், இங்கே கணக்கைச் செய்” என்றேன். அவன் போத்தலை மேசைக்கடியில் வைத்துவிட்டுக் கணக்கைச் செய்தான். அதற்குப் பிறகு அவன் அப்படியொரு கேள்வியை என்னிடம் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்பதை இப்போது சொல்ல விரும்புகிறேன். திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்கோணமலைப் பதிகத்தின் முதற்பாட்டில் “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்” என்று வருகிறது. ஒலிக்கும் கடலின் அலை முத்தைக் கொழிக்கும் என்பது பொருள். கொழித்தல் என்பது நம் வீட்டுப் பெண்கள் சுளகில் செய்யும் வேலை. புடைக்கும்போது உமி பறக்கும். கொழிக்கும்போது சுளகு பக்கவாட்டில் அசைய, அரிசி ஒருபுறமும் கல்லும் குறுணியும் மறுபுறமுமாகப் பிரியும். கடல் அலை மணலைக் கரையில் ஒதுக்குவதையும் தமிழ் அதே சொல்லால்தான் குறித்தது. புல்மோட்டையில் நடப்பதும் இதுவே. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலை மணலைக் கரையில் ஏற்றுகிறது. திரும்பும் நீர் இலேசான மணிகளை இழுத்துக்கொண்டு போக, பாரமானவை தங்கிவிடுகின்றன. வெண்மணலின் பெரும்பகுதியான குவாட்சின் அடர்த்தி நீரினுடையதைப் போல் 2.65 மடங்கு, கருமணலில் உள்ள இல்மனைற்று என்ற கனிமத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4.7 மடங்கு. 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தையே அமைத்து அகழத் தொடங்கிய கனிய மணல், கடல் தன் சுளகில் கொழித்துக் குவித்த மணல்தான்.

ஆனால் மாணவனின் கேள்விக்கு “ஆம், ஒன்றுதான்” என்று சொல்லிவிடவும் முடியாது. முத்தின் அடர்த்தி நீரினுடையதைப் போல் 2.7 மடங்கு அளவில் இருக்கிறது. அது மணலின் அடர்த்திக்கு மிக அருகில் உள்ளது. ஆகவே அலை முத்தைப் பிரித்தெடுக்குமானால், பருமனாலும் வடிவத்தாலும் பிரித்தெடுக்கலாமேயன்றிப் பாரத்தால் பிரித்தெடுப்பது அரிது. அப்படியானால் சம்பந்தர் கண்டதைப் பாடினாரா, அல்லது கடல் முத்தைக் கரையில் கொண்டுவந்து சேர்ப்பதாகப் பாடும் நெய்தல் மரபைத் தொடர்ந்தாரா? அடர்த்தியைக் கணிக்கத் தெரியாதவருக்கு இந்தக் கேள்வி எழாது. நெய்தற் பாட்டுகளைப் படிக்காதவருக்கு இதற்கு விடை காணும் வழி தெரியாது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டுக்கும் நடுவே நின்று கேட்டான். பௌதிகவியலில் பட்டம் பெற்ற நான் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

1959இல் கேம்பிரிட்ஜில், விஞ்ஞானியும் நாவலாசிரியருமான சி. பி. ஸ்னோ ஆற்றிய உரைக்குப் பின், இலக்கியம் கற்றோரும் விஞ்ஞானம் கற்றோரும் ஒருவரோடொருவர் பேச இயலாதவராகிவிட்டனர் என்ற கவலை உலகெங்கும் பேசப்பட்டது. நம் நாட்டில் இந்தப் பிரிவு பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன்பே, சாதாரணதரப் பரீட்சை முடிந்த மறுநாளே நடந்துவிடுகிறது. அதுவும் பிள்ளையின் விருப்பத்தால் மட்டும் நடப்பதில்லை. 1ஏபி பாடசாலையில் மட்டுமே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமுந்தான். ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை, எவ்வளவு கூர்மையான பிள்ளையாக இருந்தாலும், கலைப் பிரிவுக்குத்தான் போகும். பிறகு “கணக்கு ஏறாதவர்கள்தான் கலை படிப்பார்கள்” என்ற சொல்லையும் ஆயுள் முழுக்கச் சுமக்கும். மறுபுறத்தில், உயிரியல் எடுத்த பிள்ளை 16 வயதோடு தமிழைப் பாடமாகப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. பின்னர் அதே பிள்ளை மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வந்து, தான் அறிந்ததைத் தன் ஊர் மக்களுக்குத் தமிழில் நான்கு வாக்கியத்தில் சொல்லத் தடுமாறுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

இது நமக்குப் பழைய வழக்கம் அன்று. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் வைத்தியர், மருத்துவத்தைத் தமிழில் கற்பிப்பதற்காகத் தானே தமிழைக் கற்று, நூல்களைப் பெயர்த்து, உடற்கூற்றுக்கும் மருந்துக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோ மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் அவரே. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். நம் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். பின்னர் அண்ணாமலையிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த, பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய யாழ் நூலைத் திறந்தால், சிலப்பதிகார அரங்கேற்றுகாதையின் அடிகளுக்குப் பக்கத்தில் சுரங்களின் விகிதக் கணக்குகள் நிற்கும். பாட்டின் பொருளைக் காண்பதற்கே அவருக்குக் கணக்கு வேண்டியிருந்தது. இன்றைய பல்கலைக்கழகத்தில் அந்த நூலை எந்தத் துறைக்கு உரியதென்று வைப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வளாகம் சிறியது. அதுவே அதன் பலம் என்று நான் நம்புகிறேன். பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு பீடத்திலிருந்து இன்னொரு பீடத்துக்குப் போவதே ஒரு பயணம். நிலாவெளிக் கரையோரத்தில் நீங்கள் ஒரே வளவில் இருக்கிறீர்கள். சித்த மருத்துவத்துக்கு ஏட்டைப் படிக்கவும் மூலிகையை இனங்காணவும் ஒருங்கே தெரிந்திருக்க வேண்டும்: ஒரே பெயர் இரண்டு செடிகளைக் குறிக்கும்போதும், கழஞ்சு, பலம் என்ற நிறைகள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும்போதும், பாட்டைப் படிப்பவரும் தராசைப் பிடிப்பவரும் கலந்து பேசாமல் ஒரு மருந்தையும் அளவாகச் செய்ய இயலாது.

மற்றொரு பொருளும் உண்டு. அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26இன் சுனாமியை இக்கரையில் வாழும் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு எச்சரிக்கைகள் நிறையவே வருகின்றன. ஆனால் வருகிற தமிழ் யாருக்காக எழுதப்பட்டது? ஒரு மழைக்காலத்தில், தாழமுக்கம் பற்றிய அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் காட்டிக் கடற்றொழிலாளர் ஒருவர் என்னிடம், “பிள்ளை, வடகிழக்குத் திசையில் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று போட்டிருக்கு. இது வடகிழக்கிலிருந்து வருகிற காற்றா, வடகிழக்குக்குப் போகிற காற்றா?” என்று கேட்டார். அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் எனக்கு உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்று வருகிற திக்கைப் பெயரிலேயே வைத்திருக்கும் மனிதருக்கு, திக்கே புரியாத வாக்கியத்தை அனுப்பியிருக்கிறோம். அதைச் செப்பமாக எழுத வானிலையை அறிந்த ஒருவரும் அந்தச் சொற்களை அறிந்த ஒருவரும் வேண்டும். அவர்கள் இருவரும் உங்கள் வளாகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கிறார்கள்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் நீளும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு கல்லின் வயதும் ஒரு கல்வெட்டின் வாசகமும் வெறும் அறிவுச் செய்திகளாக நிற்பதில்லை. மூவின மக்களும் தமது என்று கருதும் இடங்கள் இங்கே அருகருகே இருக்கின்றன. காபன் காலக்கணிப்பு ஒரு கரித்துண்டின் வயதைப் பிழை எல்லையோடு சொல்லும். அந்தக் கரி அவ்விடத்துக்கு எப்படி வந்தது, அங்கே யார் என்ன மொழியில் என்ன எழுதினார்கள் என்பதைச் சொல்லாது. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவோரும் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவோரும் இங்கே எவ்வளவு புண்களை உண்டாக்க முடியும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒரே குழுவாக நின்று ஓர் ஆதாரத்தை அளந்தும் வாசித்தும் பழகுவது, இந்நாட்டில் வேறெங்கையும்விட இங்கே அவசரமான தேவை.

பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, யார் கற்பிப்பது, யார் புள்ளி போடுவது என்ற கேள்விகள் எழும், அவை நியாயமானவை. பாடசாலையில் நேரசூசி போட்ட எனக்கு அந்தச் சிரமம் தெரியும். ஆகவே பெரிதாகத் தொடங்கச் சொல்லவில்லை. முதலாண்டில் இருபது மாணவர் போதும். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துச் சிறு குழுக்களாக்கி, ஒரு பொருளைக் கொடுங்கள். இரண்டு பீடங்களின் ஆசிரியர்கள் சேர்ந்து புள்ளியிடட்டும். விஞ்ஞான மாணவர் முடிவைத் தமிழிலோ சிங்களத்திலோ ஊரார் விளங்கும்படி எழுத வேண்டும் என்றும், மொழி மாணவர் ஓர் அளவீட்டையாவது தம் கையால் செய்து அதன் பிழையையும் கணிக்க வேண்டும் என்றும் விதியுங்கள். இந்த இரண்டாவது விதியை மட்டும் தயவுசெய்து தளர்த்திவிடாதீர்கள். கலை மாணவருக்குக் கணக்கு வராது என்று நாம் அனைவரும் சேர்ந்து சொல்லி வைத்திருக்கும் பொய், அவர் கையில் தராசு இருக்கும்போதுதான் உடையும்.

முதற்குழுவுக்கு மணலையே கொடுக்கலாம் என்பது என் விருப்பம். அந்த மாணவன் பாடசாலையை விட்டுப் போகும்போது மேசைக்கடியில் விட்டுச்சென்ற போத்தல் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. பக்கத்தில் நிலாவெளி வெண்மணல் நிரப்பிய இன்னொன்றையும் வைத்திருக்கிறேன். என் அம்மாவின் சுளகும் இருக்கிறது. நீங்கள் ஒரு நாளைக் குறித்துச் சொன்னால் மூன்றையும் எடுத்துக்கொண்டு வளாகத்துக்கு வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை,
திருகோணமலை.