காக்ஸ் பஜாருக்குக் கை கொடுத்த சுங்கை சிப்புட் மக்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் அகதிகளாக வாழும் ரோஹிங்யா குடும்பங்களுக்காக நம் ஊரும் சுற்றுத் தோட்டங்களும் சேர்த்துக் கொடுத்த பொருள்கள் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறி, சிட்டகாங்கில் சுங்கச் சோதனை முடிந்து, முகாமில் பணியாற்றும் அமைப்பின் கிடங்கை அடைந்துவிட்டன. ஒரு வாளிகூடத் தடுத்து வைக்கப்படவில்லை. அதற்கு யார் யார் காரணம் என்பதை ஊர் அறிய வேண்டும்.

முதல் நன்றி, "என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தவர்களுக்கு. 2017 ஆகஸ்டு 25-க்குப் பிறகு மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டினார்கள். இத்தனை ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலோருக்கு மூங்கில் சட்டமும் தார்ப்பாயும்தான் வீடு. நம் வட்டாரத்தில் புல் வெட்டும் வேலை பார்க்கும் ரோஹிங்யா சகோதரர்கள் எங்களோடு உட்கார்ந்து, தங்கள் உறவினர்களிடம் போனில் விசாரித்து, பட்டியலைத் திருத்தித் தந்தார்கள். தங்கள் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

பட்டியலில் முதலில் நின்றது தார்ப்பாய். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் மெல்லிய நீலப் பாய் சில மாத வெயிலிலேயே நார் நாராக உரிந்துவிடும். நிவாரணத் தரப் பாய் 4 மீட்டருக்கு 6 மீட்டர். பின்னிய பிளாஸ்டிக் இழைக்கு இரு பக்கமும் பூச்சு இருக்கும், ஒன்றே ஐந்து கிலோவை நெருங்கும். ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம் வேண்டும் என்பது உலக நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் அளவு. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு பாய் கூரைக்கே சரியாகப் போய்விடும், சுவருக்கு இன்னொன்று வேண்டும். அதனால்தான் குடும்பத்துக்கு இரண்டு என்று கணக்கிட்டோம். உங்கள் ரொக்க நன்கொடையில் பெரும்பகுதி இதற்கே போனது.

நல்ல பாயும் ஆணி அடித்த இடத்தில்தான் கிழியும். காற்று பாயைத் தூக்கித் தூக்கிப் போடும்போது ஆணித் தலை துளையைப் பெரிதாக்கும். பிறகு ஒரு பெருங்காற்று போதும். இதற்கு நம் ஊர் மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர்கள் செய்த உதவியை எவ்வளவு சொன்னாலும் தகும். பழைய டியூப்களைக் கழுவி, உலர்த்தி, ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டங்களாக வெட்டித் தந்தார்கள். ஆணியை முதலில் ரப்பர் வட்டத்தில் குத்தி, பிறகு பாயின் மேல் வைத்து மூங்கிலில் அடித்தால் இழுவிசை ஒரே புள்ளியில் விழாமல் பரவும், மழைநீரும் துளை வழியே இறங்காது. கயிறு கோக்கும் கண்ணி (துளை) இல்லாத இடத்தில் கயிறு கட்ட, பாயின் அடியில் உருண்டைக் கல்லை வைத்து, அதைப் பாயோடு சேர்த்துச் சுருக்குப் போட வேண்டும். இந்த இரண்டையும் படமாக வரைந்து ஒவ்வொரு பாயோடும் வைத்தவர்கள் தமிழ்ப்பள்ளி ஓவிய ஆசிரியையும் ஆறாம் ஆண்டு மாணவர்களும். எழுத்தே இல்லாத படம் என்பதால் எல்லோருக்கும் புரியும். பிள்ளைகளே, மிக நன்று!

அடுத்தது வாளி. மூடியும் குழாயும் உள்ள 20 லிட்டர் வாளிகளை ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) வாங்கிய விலைக்கே கொடுத்தார். குழாய் ஏன் முக்கியம் என்றால், 67 மில்லிகிராம் குளோரின் மாத்திரை ஒன்று போட்டு அரை மணி நேரம் வைத்த நீர் சுத்தமாகத்தான் இருக்கும், அதில் யாராவது குவளையோடு கை விடும்வரை. கலங்கல் நீரில் மருந்து அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும், அதனால் வடிகட்ட வெள்ளைத் துணி ஒன்றும் சேர்த்தோம். வெறும் வாளியை அனுப்பினால் காற்றுக்குத்தான் கப்பல் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொன்றின் உள்ளேயும் சோப்பு (ஆளுக்கு மாதம் குளியலுக்கு 250 கிராம், துணிக்கு 200 கிராம்), கயிறு, துணிக்கிளிப், பெண்களுக்கு மாதவிடாய்க்கான துணி அணையாடைகள். எல்லா வாளியிலும் ஒரே பொருள், ஒரே எண்ணிக்கை. கலவைப் பெட்டிகள் என்றால் சுங்கத்தில் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள், துறைமுகக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

அணையாடை தைத்த தையல் வகுப்பு அக்காமார்களே, நீங்கள் தேர்ந்தெடுத்த கருநீலப் பருத்தித் துணியைத்தான் அங்குள்ள பெண்கள் கேட்டிருந்தார்கள். நெருக்கடியான முகாமில் கறை தெரியாமல் கொடியில் காய வைக்க முடிவது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

பால்மாவு டின்களைக் கொண்டுவந்து, விளக்கியதும் மனம் கோணாமல் எடுத்துச் சென்று அதே மதிப்பைப் பணமாகத் தந்த குடும்பங்களுக்குத் தனி நன்றி. கொதிக்க வைக்கப் போதிய எரிபொருளும் புட்டியைக் கழுவ நல்ல நீரும் இல்லாத இடத்தில் பால்மாவு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், தாய்ப்பாலையும் குறைத்துவிடும். தாய்க்குச் சாப்பாடு கொடுப்பதே குழந்தைக்குப் பாதுகாப்பு. அந்தச் சாப்பாடும் எப்போதும் உறுதியில்லை. 2023-இல் நிதிப் பற்றாக்குறையால் ஐ.நா. உணவுத் திட்டம் ஒருவருக்கான மாத உதவியை 12 டாலரிலிருந்து மார்ச்சில் பத்தாகவும் ஜூனில் எட்டாகவும் குறைத்தது. அரிசி, பருப்பு மூட்டைகளை இங்கிருந்து ஏற்றாமல் பணமாக அனுப்பினோம். அங்கேயே வாங்கினால் கப்பல் செலவு மிச்சம், உள்ளூர் வியாபாரிக்கும் வரும்படி.

சரக்கை அடுக்கி ஏற்ற, பூச்சி இல்லாதபடி வெப்பமூட்டி முத்திரை குத்திய மரப்பலகைத் தட்டுகளைத் தந்த செம்பனை ஆலை நிர்வாகம், லோரிக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் வாங்கிக்கொண்ட ஓட்டுநர் அண்ணன், மண்டபத்தைத் திறந்துவிட்டு மின்கட்டணத்தையும் ஏற்றுக்கொண்ட மாரியம்மன் கோவில் நிர்வாகம், பள்ளிவாசல் இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி. முத்திரையில்லாத தட்டு என்றால் மரப்பூச்சிக்குப் பயந்து துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ஆலையார் அதை முன்கூட்டியே கவனித்துத் தந்தார்கள்.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கோவில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம், கேட்கலாம். அடுத்த அனுப்புதலுக்கு டியூப்கள் இன்னும் வேண்டும். வால்வு வெட்டி எடுத்தவையாகப் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
நிவாரணக் குழுவினர்
சுங்கை சிப்புட், பேராக்