அகர்தலாவிலிருந்து அப்பா

அன்பு மகளுக்கு,

மூங்கில் கழிவில் சமையல் கரி செய்யும் முயற்சி பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். அடுப்பு வடிவமைப்பைப் படித்தவள் நீ. அதனால் தயங்காமல் எழுதுகிறேன்.

திரிபுராவில் ஊதுவத்திக் குச்சி சீவும் பட்டறைகள் ஏராளம். ஊதுவத்திக்குப் போகும் மூங்கிலில் அதிகபட்சம் 16 சதவீதம்தான் குச்சியாகிறது, மீதி 84 சதவீதம் வீண் என்று காதி கிராமத் தொழில் ஆணையமே சொல்லியிருக்கிறது. கணுவும் சிராயும் தூளுமாக அது பட்டறை வாசலில் மட்கிக் கிடக்கிறது. நாலு வீடு தள்ளி ஒரு பெண் ஈர விறகை ஊதி ஊதி இருமுகிறாள். எரிவாயு இணைப்பு இருக்கிறது. அடுத்த சிலிண்டருக்குப் பணம் சேரும்வரை விறகுதான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை, தாயி.

கழிவைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, மரவள்ளி மாவுக் கூழில் பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைத்தால் கரிக்கட்டி. அதே எடை விறகைவிட அதிகச் சூடு தரும். பானையிலும் கரி அப்பாது.

ஆனால், நம் இராமநாதபுரத்துக் கரிமூட்டங்களை நினைத்துப் பார். சீமைக் கருவேலத்தை அடுக்கி மண் பூசித் தீ வைத்தால், நாள் கணக்கில் வெளியேறும் வெண்புகை முழுவதும் மூட்டம் போடுகிறவரின் நெஞ்சுக்குள்தானே போகிறது? மூங்கிலையும் அப்படியே சுட்டால், சமையற்கட்டிலிருந்த புகையைச் சூளைக்காரர் தலையில் கட்டியதாகும். அதைச் சுத்தமான எரிபொருள் என்று விற்க நான் ஒப்பமாட்டேன். புகையில் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் தாரும் இருக்கின்றன, எல்லாம் எரியக்கூடியவை. மூடிய இரும்புக் கலத்தில் சுட்டு, வரும் வாயுவைக் குழாய் வழியே அடியிலுள்ள தீக்கே திருப்பிவிட்டால் புகையும் அடங்கும், விறகும் மிச்சமாகும். உள்ளூர்க் கொல்லரே ஒட்டிக்கொடுக்கும்படி அதற்கு ஒரு வரைபடம் வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. கரித்தணல் புகையாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும். நிறமும் மணமும் இல்லாததால் யாருக்கும் தெரியாது. இங்கே குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தணலருகே உட்காருவார்கள். ஆகவே மூடிய அறையில் எரிக்கவே கூடாது என்பதை ஒவ்வொரு பையிலும் வங்காளத்திலும் இங்குள்ள பழங்குடியினரின் கொக்பொரோக் மொழியிலும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். எழுத்து தெரியாதவர்களுக்குப் படம் வேண்டும். சூளை வரைபடத்தோடு அதையும் வரைந்து அனுப்பு. படம் முதலில் வந்தாலும் சரி.

அன்புடன்,
அப்பா