வீட்டு பெயின்ட்டில் ஈயம்: 90 பிபிஎம் விதியைக் கடைத்தெருவில் நடைமுறைப்படுத்தக் கோரி மனு

அனுப்புநர்:
பெயின்ட், ஹார்டுவேர் சில்லறைக் கடைக்காரர்கள்,
மேலூர், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்,
76, மவுண்ட் சாலை, கிண்டி, சென்னை – 600 032.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.

பொருள்: வீட்டு உபயோக எனாமல் பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவைச் சோதித்து முடிவை வெளியிடவும், தொழிற்சாலை பெயின்ட் வீடுகளுக்குப் போவதைத் தடுக்கவும், அரசு வேலைகளில் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வியாபாரிகள் மனு என்றாலே விதியைத் தளர்த்தச் சொல்லித்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். நாங்கள் இருக்கிற விதியை நடத்தித் தரச் சொல்லிக் கேட்கிறோம். அதில் எங்கள் பிழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பரில் அறிவித்து, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, வீட்டு உபயோகத்துக்கும் அலங்காரத்துக்குமான பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. கிலோவுக்கு 90 மில்லிகிராம். இந்த அளவுக்கு உட்பட்டது என்பதை டப்பாவிலும் அச்சிட வேண்டும். பெரிய கம்பெனிகளின் டப்பாக்களில் இந்த வாசகத்தைப் பார்க்கிறோம். எங்கள் சிக்கல், வேனில் வந்து இறங்கும் மலிவு எனாமல்களோடுதான். சிலவற்றில் பேட்ச் எண் இருக்காது. சிலவற்றில் முகவரி என்ற இடத்தில் ஒரு ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். ‘லெட் ஃப்ரீ’ (ஈயம் இல்லாதது) என்று தனியாக ஒரு ஸ்டிக்கர் மட்டும் பளிச்சென்று ஒட்டியிருக்கும். “டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா தம்பி?” என்று கேட்டால், “எல்லாம் ஓகே அண்ணே, டப்பாவுலயே போட்டிருக்கே” என்பார் சேல்ஸ்மேன். அதற்கு மேல் அவரிடம் கேட்க எங்களிடம் என்ன இருக்கிறது?

வெள்ளையைவிட மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு நிறங்களில்தான் சந்தேகம் அதிகம். மஞ்சளுக்கு லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த நிறமியைக் காலங்காலமாகப் போட்டு வந்தார்கள். விலை குறைவு, பளபளப்பு அதிகம், ஒரே பூச்சில் அடியில் உள்ளதை மறைத்துவிடும், வெயிலுக்கும் சீக்கிரம் வெளுக்காது. இதற்கு மாற்றாக ஈயமில்லாத நிறமிகள் இருக்கின்றன; ஆனால் விலை கூடுதல். இந்த லெட் குரோமேட்டின் எடையில் சுமார் 64 சதவீதம் ஈயம். ஒரு கிலோ பெயின்ட்டில் ஒரே ஒரு கிராம் சேர்ந்தால்கூட ஈயம் 640 மில்லிகிராம் ஆகிவிடும், அனுமதித்த அளவைப் போல ஏழு மடங்கு. நிறம் வருவதற்கு ஒரு கிராம் எந்த மூலைக்கு? ஆகவே மஞ்சள் டப்பாவில் வரம்பு மீறல் என்பது கைதவறி நடக்கக்கூடிய விஷயமில்லை, ஐயா. எதைப் போட்டுக் காய்ச்சினோம் என்று தயாரித்தவருக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தோ குச்சியால் கலக்கிப் பார்த்தோ ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஈயத்தின் கெடுதலைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. பெட்ரோலில் இருந்த ஈயத்தையே 2000ஆம் ஆண்டோடு நாடு முழுக்க நிறுத்திக் காட்டியிருக்கிறோம்.

எங்கள் ஊரில் இந்த எனாமல் எங்கே போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பி, கிரில் கேட், இரும்புத் தொட்டில், பள்ளிக்கூட பெஞ்சு, பூங்காச் சறுக்கு. அப்புறம் மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாளும் 50 மில்லி, 100 மில்லி டப்பாக்கள்தான் ஓடும். கொம்புக்கு அடிக்க வீட்டுச் சிறுவர்களே வந்து வாங்கிப் போவார்கள். பிரஷ் இல்லாவிட்டால் துணியைச் சுற்றி அடிப்பார்கள், கையெல்லாம் மஞ்சளும் நீலமுமாக இருக்கும். அதே கையோடு கரும்பு கடிப்பார்கள். பெயின்டர்களின் நிலைமை இதைவிட மோசம். பழைய கேட்டை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கும்போது எழும் தூசி முழுவதும் அவர்கள் மூக்குக்குத்தான் போகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும். அதைச் சொல்லித் தரவும் ஆள் வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மேற்படி விதி வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்கு மட்டும்தான். தொழிற்சாலை உபயோகத்துக்கான பெயின்ட் அதில் வராது. இரண்டும் எங்கள் அலமாரியில் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. இயந்திரத்துக்கு அடிக்க வேண்டிய மஞ்சள், விலை குறைவு என்பதற்காக வீட்டு கேட்டுக்குப் போகிறது. சான்று உள்ள சரக்கை மட்டும் வைத்திருக்கும் கடைக்காரர் “பக்கத்துக் கடையில் இதைவிடக் கம்மி” என்ற பேச்சைத் தினமும் கேட்க வேண்டியிருக்கிறது. விதியை மதிப்பவனுக்கு அபராதம், மீறுபவனுக்குத் தள்ளுபடி என்பது போல ஆகிவிட்டது.

எனவே தாங்கள் தயவுகூர்ந்து, தைக்குள் பளிச்சென்ற நிற எனாமல்களில் மாதிரி எடுத்துச் சோதிக்க ஆணையிட வேண்டுகிறோம். கடையோடு நிறுத்தாமல் மொத்த விற்பனைக் கிடங்கிலும் தயாரிப்பு இடத்திலும் எடுக்க வேண்டும். முதல்கட்டமாகச் சந்தேகத்துக்குரியதைப் பிரித்தெடுக்க, எக்ஸ் கதிரால் ஈயத்தைக் காட்டும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியே போதும். சந்தேகப்பட்டதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவைப் பிராண்ட், நிறம், பேட்ச் எண்ணோடு தமிழில் வெளியிட்டால் எதை வாங்கி வைக்கலாம் என்று எங்களுக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் சிலைகளுக்கு நச்சு ரசாயனச் சாயமும் எண்ணெய் பெயின்ட்டும் கூடாது என்று வாரியம் ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடுகிறது. அது கிராமம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதேபோல ஓர் அறிவிப்பு பொங்கலுக்கு முன்னால் வீட்டு பெயின்ட்டுக்கும் வரலாம்.

தொழிற்சாலை பெயின்ட் டப்பாவில் ‘வீட்டு உபயோகத்துக்கு அல்ல’ என்று தமிழில் பெரிய எழுத்தில் இருக்கவும், கடையில் தனித் தட்டில் வைக்கவும் வழிசெய்ய வேண்டும். தட்டைப் பிரிக்கும் வேலையை நாங்களே நாளைக்கே செய்துவிடுவோம். டப்பாவில் எழுதுவது எங்கள் கையில் இல்லை.

தண்டனை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகிறது. ஜிஎஸ்டி பில்லும் தயாரிப்பாளரின் சோதனைச் சான்று நகலும் வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர் மீது இது பாயக் கூடாது. பில் இல்லாமல் வாங்கி விற்பவருக்கு நாங்கள் பரிந்து பேச வரவில்லை. சிறு பெயின்ட் பட்டறைகளிலும் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நிறமியை மாற்றத் தெரியாமல், சோதனைக் கட்டணத்துக்குப் பயந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சலுகைக் கட்டணமும் கொஞ்சம் அவகாசமும் கொடுங்கள். அவகாசம் முடிந்த பிறகு தயங்க வேண்டாம்.

கடைசியாக, பொதுப்பணித் துறை, பள்ளிக்கல்வித் துறை, அங்கன்வாடி மையங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றுக்குத் தாங்கள் கடிதம் எழுத வேண்டும். பெயின்ட் வேலைக்கான டெண்டரில், குறிப்பிட்ட பேட்ச்சுக்கான ஈயச் சோதனைச் சான்றை இணைத்தால்தான் பில் பாஸாகும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். காண்டிராக்டர்கள் கேட்க ஆரம்பித்தால் கம்பெனிகள் தானாகச் சான்று எடுக்கும்.

மாதிரி எடுக்க வரும் அலுவலருக்கு எங்கள் கடைகளிலிருந்து டப்பாக்களை விலையில்லாமலே தருகிறோம். வாங்கிய பில்லையும் காட்டுகிறோம். வரும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெயின்ட், ஹார்டுவேர் சில்லறைக் கடைக்காரர்கள்,
மேலூர்.

இணைப்பு: பேட்ச் எண் இல்லாத டப்பாக்களின் படங்கள், கையெழுத்துப் பட்டியல்.