அது வாத்து இல்லைங்க, நாமக்கோழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு தங்கள் நாளிதழின் வேலூர் பக்கத்தில் ஓர் ஏரிப் படம் வந்திருந்தது. படம் அருமை. அடியில் ‘காட்டு வாத்துகள் கும்மாளம்’ என்று போட்டிருந்தீர்கள். அதில் இருக்கும் இருபது முப்பது பறவைகளில் ஒன்றுகூட வாத்து இல்லை. ஒன்றைத் தவிர எல்லாம் நாமக்கோழி, அந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். காட்பாடியில் நான் டீ குடிக்கும் கடையில் அன்று காலை இதுதான் பேச்சு. ஒருவர் வாத்து என்றார், இன்னொருவர் தாழைக்கோழி என்றார், ஏரியில் மீன் பிடிக்கிறவர் ‘எதுவா இருந்தா என்ன, எல்லாம் தண்ணிக்கோழிதான்’ என்று முடித்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

வாத்தை முதலில் தள்ளிவிடலாம். வாத்துக்கு அலகு தட்டை, கால் விரல்களுக்கு நடுவே சவ்வு. நாமக்கோழிக்கு அலகு கோழி அலகுபோல் கூராக இருக்கும், சவ்வு கிடையாது, விரலுக்கு விரல் தனித்தனியாக மடல் விரிந்திருக்கும். கரையேறும்போது பார்த்தால் இலையைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். வயல் வரப்பில் வெள்ளை மார்போடு குடுகுடுவென்று ஓடுமே கானாங்கோழி, அதற்குத்தான் இது சொந்தம். தாழைக்கோழியும் அதே குடும்பம், அதனால்தான் இந்த இரண்டுக்கும் நடுவே குழப்பம் வருகிறது.

கிட்டத்தில் பார்த்தால் சந்தேகமே வராது. நாமக்கோழி உடம்பு முழுக்கக் கறுப்பு, அலகிலிருந்து நெற்றி வரை ஒரே வெள்ளை, யாரோ பட்டை நாமம் போட்டுவிட்ட மாதிரி. தாழைக்கோழிக்கு அதே இடத்தில் குங்குமச் சிவப்பு, அலகு நுனி மட்டும் மஞ்சள். ஆனால் கழிஞ்சூர் ஏரிக்கரையில் காலை ஆறரைக்கு வெயிலைப் பார்த்து நின்று பாருங்கள், நாமமும் தெரியாது குங்குமமும் தெரியாது, எல்லாமே கறுப்புப் பொட்டுதான். அப்போது முகத்தை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். தாழைக்கோழி வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும், ஆட்டும்போதெல்லாம் வாலுக்கு அடியில் வெள்ளை பளிச்சிடும், விலாவிலும் வெள்ளைக்கோடு ஒன்று ஓடும். நாமக்கோழிக்கு இந்த இரண்டுமே இல்லை. குஞ்சு வளர்ந்து வருகிற பருவத்தில் நெற்றியை நம்பவே கூடாது, அப்போது தாழைக்கோழிக்குச் சிவப்பு இருக்காது, பழுப்பாகத்தான் திரியும், நானே ஒருமுறை அதை ஏதோ புதுப் பறவை என்று நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதும் வாலடி வெள்ளைதான் காட்டிக்கொடுக்கும்.

நடவடிக்கையும் வேறு. நாமக்கோழி நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதக்கும், குளிர்காலத்தில் வெளியிலிருந்தும் வந்து சேர்வதால் கூட்டம் இன்னும் பெருகும். முங்கிப் போய்ப் பாசியோடு மேலே வரும், பறக்க வேண்டுமானால் தண்ணீர்மேல் தடதடவென்று கொஞ்ச தூரம் ஓடித்தான் கிளம்பும். தாழைக்கோழி ஒன்றிரண்டாகக் கரையோரச் சம்புப் புல்லுக்குள்ளேயே இருக்கும், ஆள் அரவம் கேட்டால் பறப்பதைவிட உள்ளே நழுவுவதுதான் அதற்குப் பிடிக்கும். ஆளும் சின்னது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறார்கள், ‘ஏரியில் வாத்து’ என்று படித்தால் யாரோ வளர்க்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நாமக்கோழி, தாழைக்கோழி இரண்டையும் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்புறம், பொங்கல் சமயத்தில் பறவைகள் கணக்கெடுக்கும்போது இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிட்டால் எது கூடியது, எது குறைந்தது என்று பிறகு எப்படிப் பிரிப்பது?

சந்தேகமாக இருந்தால் ‘நீர்ப்பறவைகள்’ என்று போட்டுவிடுங்கள், தப்பே இல்லை. சரி, அந்த ஒன்று: படத்தின் இடது ஓரத்தில் சம்புக்குள் பாதி மறைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது பாருங்கள். முகம் தெரியவில்லை, வாலடியில் வெள்ளை தெரிகிறது. அது தாழைக்கோழி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், காட்பாடி