புக்காரெஸ்டிலிருந்து பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

முருகேசன் வணங்கி எழுதுவது. நான் நலம். பெரியம்மாவின் முட்டி வலி இப்போது தேவலையா? இங்கே பனி விட்டுவிட்டது. மெட்ரோ, ஷிப்ட் வேலை எல்லாம் பழகிவிட்டது. சோளமாவில் மமாலிகா என்று கிண்டுகிறார்கள், நம்மூர்க் களி மாதிரிதான். புளித்த கிரீமோடு சாப்பிட்டுவிடுகிறேன்.

ருமேனியா அரசியல்வாதிகளில் உருப்படியாக யாராவது உண்டா என்று போனில் கேட்டீர்களே. ஆயுசு முழுக்கக் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்த உங்களிடம் மோனிகா மாகோவேய் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வீட்டுக்காரம்மா, ஓய்வு பெற்ற டீச்சர், அடுப்பில் சூப்பைக் கிண்டியபடியே அவர் கதையைச் சொன்னார். கரண்டியை நீட்டி நீட்டிப் பேசியதில் தரையெல்லாம் சூப்!

மாகோவேய் அரசு வழக்கறிஞராக இருந்து, பிறகு மனித உரிமை வழக்குகளை நடத்தியவர். 2004 டிசம்பரில் எந்தக் கட்சியிலும் சேராமலே நீதித்துறை அமைச்சரானார். ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரத் துடித்த நேரம் அது. லஞ்சத்தை ஒழிக்காமல் உள்ளே வர முடியாது என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். எம்.பி.க்கள் மீது வழக்குப் போட லஞ்ச ஒழிப்பு வழக்கறிஞர்களுக்கு அதிகாரமில்லை என்று 2005இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னபோது, மாகோவேய் சோர்ந்துவிடவில்லை. அந்த லஞ்ச ஒழிப்பு அமைப்பையே மாற்றிக் கட்டி, டி.என்.ஏ. (தேசிய லஞ்ச ஒழிப்பு இயக்குநரகம்) என்ற பெயரில் அந்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். பதவியில் இருப்பவர்கள் நிலம், வீடு, நகை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கொடுக்க வைத்தார். யாருக்குத்தான் பிடிக்கும்?

2007 ஜனவரி 1 அன்று நாடு ஒன்றியத்தில் சேர்ந்தது. பிப்ரவரியில் செனட் அவருக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. ஏப்ரலில் பிரதமர் தரிச்சேனு அமைச்சரவையை மாற்றி அவரை வெளியே அனுப்பிவிட்டார். காரியம் முடிந்ததும் கழற்றிவிட்டார்கள் பெரியப்பா. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. 2014இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், நான்கரை சதவீதம்கூட வரவில்லை.

ஆனால் அவர் போட்ட அஸ்திவாரம் நின்றது. முன்னாள் பிரதமர் அட்ரியன் நஸ்தாசே 2012இல் சிறைக்குப் போனார். டி.என்.ஏ. போட்ட வழக்குதான். 2017இல் அரசு ராத்திரியோடு ராத்திரியாக ஓர் அவசரச் சட்டம் போட்டது. 2 லட்சம் லேய்க்கு (லேய் என்பது இந்த ஊர்ப் பணம்) குறைவான நஷ்டம் என்றால் அதிகார துஷ்பிரயோகம் குற்றமே இல்லையாம். உறைய வைக்கும் குளிரில் லட்சக்கணக்கான ஜனம் தெருவுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்காரம்மாவும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விக்டோரியா சதுக்கத்துக்குப் போயிருக்கிறார். ஒரு வாரத்துக்குள் சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். அப்போதைய நீதித்துறை அமைச்சரும் ராஜினாமா செய்தார்.

நேர்மையான ஒருத்தர் இரண்டேகால் வருஷம் இருந்தாலே இவ்வளவு செய்ய முடிகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எழுதுங்கள். வீட்டு வரிக்கான பணத்தை அண்ணன் கணக்கில் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
முருகேசன்