புல்லட் இஞ்சின போர் பண்ண இப்போ விட்டுராத பாப்பா

பாப்பா, உன் புல்லட்ட அந்த மெக்கானிக் கிட்ட இருந்து முதல்ல வீட்டுக்கு எடுத்துட்டு வந்துரு. போர் பண்ணணும், அதாவது தேய்ஞ்ச சிலிண்டர கடைஞ்சு பெருசாக்கணும், பிஸ்டன் மாத்தணும்னு அவர் சொன்னதுக்கு சரின்னு தலையாட்டிறாத. நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ்ல கண்டாலா மலை ஏத்தத்துல கிணிகிணின்னு வருது பாரு ஒரு சத்தம், அது போர் போன சத்தமே கிடையாது, டைமிங், அதாவது பிளக்ல பொறி விழற நேரம், ரொம்ப அட்வான்ஸ்ல, முன்கூட்டியே நிக்குது. கிக்கர் திருப்பி அடிக்குதுன்னு சொன்னயில்ல, அதுவும் இதே கதைதான். எனக்கு என்ன தோணுதுன்னா கம்ப்ரஷன் எங்கயோ கசிஞ்சு இழுவை குறைஞ்சிருக்கு, அதை கண்டுபிடிக்காம டைமிங்க முன்னாடி தள்ளி சரிக்கட்டப் பாத்திருக்காங்க.

அதனால கம்ப்ரஷன்ல இருந்து ஆரம்பி. கிக் பண்ண ஈஸியா இருக்க கம்ப்ரஷன வெளிய விடுற டீகம்ப்ரஷர் வால்வோட கேபிள்ல கொஞ்சமாவது லூஸ் இருக்கான்னு பாரு, இறுக்கமா இருந்தா அந்த வால்வு முழுசா மூடாது, அதுலயே பாதி உயிர் போயிடும். அடுத்து டேப்பெட், அதான் வால்வோட கேப். இஞ்சின் நல்லா ஆறி இருக்கணும், ராத்திரி நிறுத்தி காலைல பாரு, பிஸ்டன் மேல கம்ப்ரஷன்ல நிக்கும்போது வால்வ தூக்குற ரெண்டு புஷ் ராடும் விரலால உருட்டுனா ஈஸியா சுத்தணும், ஆனா மேல கீழ ஆட்டம் இருக்கக்கூடாது. சுத்தவே மாட்டேங்குதுன்னா வால்வு தூக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். இது ரெண்டும் சரியா இருந்தும் கிக்கர் மெத்துன்னு இறங்குச்சுன்னா கம்ப்ரஷன் கேஜ் வாங்கி செக் பண்ணு, த்ராட்டில முழுசா திறந்து வெச்சு கிக் பண்ணணும், அப்புறம் பிளக் ஓட்டைல ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பாரு. ரீடிங் ஏறுனா பிஸ்டன் ரிங்கு போயிருக்கு, ஏறலைன்னா வால்வு இல்ல ஹெட் கேஸ்கட். போர் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

இப்போ டைமிங். பாயிண்டுன்னா திறக்கும்போது பொறிய விழ வைக்கிற சின்ன சுவிட்சு. முதல்ல பாயிண்ட் கேப், டைமிங் அதுக்கு அப்புறம்தான், ஏன்னா கேப்ப கூட்டுனா பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் தானா அட்வான்ஸ் ஆயிடும், பாயிண்ட தள்ளி திறக்கற கேமை உரசுற அந்த ஹீல் தேய்ஞ்சு கேப் குறைஞ்சா ரிடார்ட், அதாவது லேட்டு ஆயிடும். முழுசா திறந்திருக்கும்போது 0.35ல இருந்து 0.40 எம்எம் வை. பாயிண்ட் ஒட்டுற பேஸ் கருப்பா இருந்தா தேய்ச்சு சுத்தம் பண்ணிட்டு அளவு எடு.

பிளக்கை கழட்டிட்டு டாப் கியர் போட்டு பின் வீல கையால முன்னாடி மட்டும் சுத்து, பின்னாடி இழுத்தா டைமிங் கியர்ல இருக்கிற ஆட்டம் அளவ கெடுத்துரும். பிஸ்டன் மேல வர்றதுக்கு 0.8 எம்எம் முன்னாடி பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும், 350 புல்லட்டுக்கு அதுதான் கணக்கு. இத அளக்க பிளக் ஓட்டைல சைக்கிள் ஸ்போக்க விட்டு பாப்பாங்க, ஆனா பிளக் ஓட்டை சாய்வா இருக்கறதால அந்த அளவ அப்படியே நம்பாத.

பாயிண்ட் எப்போ திறக்குதுன்னு கண்டுபிடிக்க வேற எதுவும் வாங்க வேண்டாம், ஹெட்லைட் மேல இருக்கிற ஆம்பியர் மீட்டரே போதும். சாவி போட்டு பாயிண்ட் மூடியிருந்தா முள்ளு மைனஸ் பக்கம் சாயும், திறந்த அடுத்த நொடி டக்குனு நடுவுக்கு வந்துரும், வீல மெதுவா சுத்திக்கிட்டே முள்ள மட்டும் பாரு. அந்த 0.8 எம்எம்ல முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் பாயிண்ட் மாட்டியிருக்கிற பிளேட்ட கொஞ்சம் கொஞ்சமா திருப்பி டைட் பண்ணு, டைட் பண்ணும்போது நகர்ந்துரும், மறுபடியும் ஒருதடவை பாத்துக்கோ. பாயிண்ட் மூடின நிலைமைல சாவிய போட்டே வெச்சுட்டு போன் பேச போயிராத, காயில் சூடாகி செத்துரும்.

இன்னொன்னு, பாயிண்ட் பிளேட்டுக்கு பின்னாடி வேகம் ஏறும்போது டைமிங்க தானா முன்னாடி தள்ளுற ஆட்டோ அட்வான்ஸ் வெயிட் இருக்கு. கேமை விரலால திருப்பி விட்டா ஸ்பிரிங்ல தானா திரும்பி வரணும். சிக்கிட்டு நின்னா நீ என்ன டைமிங் வெச்சாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். எல்லாம் சரியாகுற வரைக்கும் ஷூ போடாம கிக் பண்ணாத, சொல்லிட்டேன்.

ரிடார்டாவும் வெச்சுராத, சத்தம் வராதுதான், ஆனா வண்டி சோம்பிப்போயி இஞ்சின்ல இருந்து சைலன்சருக்கு போற பெண்ட் பைப் சூடாகி நீலமாயிடும்.

ஹெட்ட இழைச்சு கம்ப்ரஷன் ஏத்தலாம்னு உன் ஃப்ரெண்டு சொன்னானாமே, அவன் பேச்சை கேக்காத. 70க்கு 90 எம்எம் போர் ஸ்ட்ரோக், ஆறரைக்கு ஒண்ணு கம்ப்ரஷன்னு பழைய மட்ட பெட்ரோலுக்கு செஞ்ச நிதானமான இஞ்சின் அது. இப்போ ஆக்டேன் கூடுன நல்ல பெட்ரோல் வந்தாச்சு, உண்மைதான், ஆனா உள்ள கனெக்டிங் ராடு கிராங்க்ல மாட்டுற பிக் எண்ட்ல ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கிற புஷ்தான், அந்த அடிய அது தாங்காது. வேகம் வேணும்னா வேற வண்டி வாங்கிக்கோ, நான் பணம் தரேன்.

அம்மா ஊறுகாய் பார்சல்ல கேப் அளக்க ஃபீலர் கேஜ் செட்டும் போட்டிருக்கேன், எண்ணெய் பட்டா தொடைச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை முள்ள பாக்கும்போது வீடியோ கால் போடு, நான் சொல்லச் சொல்ல நீ திருப்பு.

அப்பா